ஐசியை வாங்கும் முன் கேள்வி கேட்ட போன் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போன் கடைக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்தில் இறங்கி பாசாருக்கு (சந்தைக்கு) நடந்து வருவதற்குள் நாலைந்து கண்ணில் பட்டுவிடும். நான் எழுத வந்தது லிந்தாங் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு கடையைப் பற்றி. ஒரு கதவுக் கடைதான். வாசலில் போன் உறைகள் தொங்கும். உள்ளே ஒரு கண்ணாடி மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, முருகன் படத்துக்குக் கீழே ஒரு மின்விசிறி. நடத்துவது முப்பதைத் தாண்டிய ஒரு தங்கச்சி. கூட வேலைக்கு ஒரு பையன் இருக்கிறான். ஒரே நிறுவனத்தின் கடை இல்லை. மூன்று நான்கு நிறுவனங்களின் லைன் போட்டுக் கொடுக்கிறார்கள். மார்ச் மாதம் தொடங்கி இன்றுவரை அங்கே ஏழெட்டு முறை போய்விட்டேன். வாங்கியது ஒரு போன், ஒரு உறை, திரையில் ஒட்டும் ஒரு கண்ணாடித் தாள். ஆனால் அந்தக் கடையில் எனக்குக் கிடைத்தது அதைவிட அதிகம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் செம்மோர், கந்தான் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். வயது 51. லிந்தாங் சாலையில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 2018-இல் நாங்களும் பட்டணத்துப் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்த வீடு மாறிய ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்திருந்தாள். ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. கையில் இருந்த போன் திரை உடைந்து, பாதி எழுத்து தெரியாமல் கிடந்தது. நானோ வேன் மாற்றும் யோசனையில் இருந்தேன். பழைய வேன் மாதம் ஒருமுறை பட்டறையில் நிற்கிறது. போன ஆண்டுக் கடைசியில் ஒரு வங்கியில் வேன் கடனுக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. காரணம் கேட்டால், "சிஸ்டம் அப்ரூவ் பண்ணல" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மோட்டார் கடன் கட்டி முடித்தவன் நான். யாரிடமும் பெரிய கடன் இல்லை. ஏன் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அந்த நிலையில்தான் மகளோடு கடைக்குப் போனேன். கையில் மொத்தமாகப் பணம் இல்லை, மாதத் தவணையில் காண்ட்ராக்ட் போன் எடுக்கலாம் என்று நினைப்பு. பையன் ஒரு போனைக் காட்டினான். மகளுக்குப் பிடித்துவிட்டது. உடனே ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, கையை நீட்டினான்: "ஐசி குடுங்க அங்கிள், அஞ்சு நிமிஷம்."

நான் பர்ஸைத் திறந்துகொண்டிருக்கும்போது அந்தத் தங்கச்சி உள்ளேயிருந்து வந்து கேட்டார்:

"அண்ணே, ஒரு நிமிஷம். அடுத்த ஆறு மாசத்துல வீட்டுக் கடன், கார் கடன் எதுக்காவது போடப் போறீங்களா?"

போன் வாங்கப் போன இடத்தில் இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வேன் விஷயத்தைச் சொன்னேன். வங்கி தள்ளியதையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் ஒரு அரை மணி நேரம் வியாபாரமே நடக்கவில்லை, பேச்சுதான்.

அவர் சொன்னதையும், நான் பிறகு போய்க் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இதைப் பற்றிப் பாதிப் பேச்சு தவறாகத்தான் ஓடுகிறது. "போன் லைன் போட்டாலே பேர் பிளேக்லிஸ்ட் ஆகிவிடும்" என்று ஒரு கூட்டம். "போன் பில் கட்டாவிட்டால் என்ன, அது பேங்க் கடனா?" என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது பேச்சை நம்பி நானே அடிபட்டிருக்கிறேன்.

மலேசியாவில் நம் கடன் கணக்கு ஒரே இடத்தில் இல்லை. சிசிரிஸ் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் கடன் பதிவேடு. 2001-இலிருந்து இப்போதிருக்கும் முறையில் ஓடுகிறது. வங்கிகளும் அதில் சேர்ந்திருக்கும் மற்ற கடன் நிறுவனங்களும் மாதாமாதம் நம் கணக்கை அங்கே அனுப்புகின்றன. பிடிபிடிஎன் கல்விக் கடனும் அங்கே ஏறும். அதில் மார்க் (கடன் மதிப்பெண்) எதுவும் கிடையாது. கடந்த 12 மாதத்துக்கு ஒவ்வொரு கடனுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும்: 0 என்றால் ஒழுங்காகக் கட்டியது, 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். புதிதாகக் கடன் கேட்ட விண்ணப்பங்களும் அதே 12 மாதக் கணக்கில் அங்கே தெரியும். சிடோஸ் போன்றவை தனியார் நிறுவனங்கள், 2010-ஆம் ஆண்டின் கடன் அறிக்கை நிறுவனச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அவர்கள் சிசிரிஸ் விவரத்தையும் தாங்கள் சேர்த்த வேறு விவரங்களையும் வைத்து அறிக்கை தயாரிக்கிறார்கள். 300-லிருந்து 850 வரைக்கும் மார்க் போடுவது சிடோஸ்தான்.

போன் நிறுவனங்கள் சிசிரிஸுக்கு மாத பில் கணக்கை அனுப்புவதில்லை. அதனால் போஸ்ட்பெய்ட் லைன் கேட்டு நீங்கள் ஐசியைக் கொடுத்தால், அந்த விண்ணப்பம் வீட்டுக் கடன் விண்ணப்பத்தைப் போல சிசிரிஸில் போய் உட்காராது. நிறுவனம் தன் சொந்தக் கணக்கைப் பார்க்கும், வேறு நிறுவனத்தில் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கும், தேவைப்பட்டால் தனியார் அறிக்கையையும் பார்க்கும். பார்த்ததற்கான தடம் அந்த அறிக்கையில் தெரியலாம். ஒரு முறை பார்த்ததற்காக யாருடைய வேன் கடனும் நின்றுபோகாது.

ஆனால் தங்கச்சி இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார். எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். "தவணைன்னு சொன்னா யாரு காசு போடுறாங்கன்னு கேளுங்கண்ணே. போன் கம்பெனியே தவணை குடுத்தா ஒரு கணக்கு. பேங்க் கார்டுலயோ, கடன் கம்பெனி வழியாவோ தவணை போட்டா அது வேற கணக்கு." இரண்டாவது வகையில் சிசிரிஸில் சேர்ந்த நிறுவனம் இருந்தால், அது முழுக் கடன். புதிதாகக் கடன் கேட்டால் விண்ணப்பமும் ஏறும், கணக்கும் ஏறும், ஒரு மாதம் தவறினால் அந்த 1-ம் ஏறும். கடையில் ஒரே போன், ஒரே மேசை. தாளில் மட்டும் வேறு பெயர் இருக்கும். பெரும்பாலானோர் அந்தப் பெயரைப் படிப்பதே இல்லை. நானும் படித்திருக்க மாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, என் சம்மதத்தோடு ஒரே ஒரு நிறுவனத்தில் மட்டும் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: வேறொரு நிறுவனத்தில் என் ஐசி எண்ணுக்குப் பாக்கி இருக்கிறது என்று வந்திருந்தது.

பையன் சட்டென்று சொன்னான்: "பரவால்ல அங்கிள், இன்னும் ரெண்டு கம்பெனி இருக்கு. போட்டுப் பாப்போம், ஏதாவது ஒண்ணு அடிக்கும்."

தங்கச்சி அவனைத் தடுத்துவிட்டார். "வேணாம். பாக்கி இருக்கிற வரைக்கும் எங்க போட்டாலும் இதான் வரும். அண்ணன் வேன் கடன் போடப் போறாரு. தேவையில்லாம நாலு பேரு அவரு பேரைத் தேடின மாதிரி ஆகும்." லைன் போட்டுக் கொடுத்தால் கடைக்குக் கமிஷன் உண்டு என்பது எனக்குத் தெரியும். மூன்றில் ஒன்று விழுந்திருந்தாலும் அவருக்கு லாபம். அதை விட்டுக்கொடுத்து அவர் அன்றைக்கு எங்களை வெறுங்கையோடு அனுப்பினார். மகள் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்தப் பாக்கி யாருடையது என்ற நினைப்பே ஓடியது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் பொறி தட்டியது. 2016-இல், தோட்டத்தில் இருந்தபோது, என் மச்சான் ஒருவர் ஜொகூருக்கு வேலைக்குப் போனார். "உங்க பேர்ல ஒரு லைன் போட்டுக் குடுங்க மாமா, சம்பள சிலிப் என்கிட்ட இல்ல" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். தோட்டத்தில் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒருவர் ஐசியில் இன்னொருவர் லைன், ஒருவர் பெயரில் இன்னொருவர் மோட்டார், அப்படித்தான் புழங்கினோம். எங்கள் அப்பா காலத்தில் மளிகைக் கடையில் 555 நோட்டு இருக்கும். சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று அச்சடித்திருக்கும். அப்பா பெயரில் எழுதிய கடனில் சித்தப்பா வீட்டு அரிசியும் இருக்கும். சம்பள நாளன்று இருவரும் சேர்ந்து போய் அடைத்துவிடுவார்கள். கடைக்காரருக்கு இரண்டு முகமும் தெரியும். ஐசி எண்ணை மட்டும் பார்க்கும் கணினிக்கு மச்சான் யார், மாமா யார் என்று எப்படித் தெரியும்?

மச்சான் இரண்டு மூன்று ஆண்டு கட்டியிருக்கிறார். அப்புறம் வேறு எண் மாற்றிக்கொண்டு இந்த லைனை அப்படியே விட்டுவிட்டார். முறைப்படி நிறுத்தவில்லை. பில்லும் நினைவூட்டல் கடிதமும் பழைய லயத்து முகவரிக்குப் போயிருக்கின்றன. நாங்கள் 2018-லேயே கிளம்பிவிட்டோம். லயத்தில் அப்போது யாருமில்லை, கடிதத்தை எடுத்து வைக்க ஒரு கை இல்லை. அந்த நிறுவனம் எது என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் இன்னொரு எண் இத்தனை ஆண்டும் அவர்களிடம்தான் இருந்தது, மாதாமாதம் டாப்-அப் செய்துகொண்டிருந்தேன். ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. பாக்கி எவ்வளவு தெரியுமா? 187 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு.

தங்கச்சி சொன்னபடி முதலில் என் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். இங்கே ஒரு நல்ல வார்த்தை ஏகேபிகே-வைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிலையம் அது. ஈப்போவில் கிளை இருக்கிறது. ஐசியோடு போனேன். என் சிசிரிஸ் அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார்கள். ஒரு காசு வாங்கவில்லை. வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கவும் வழி இருக்கிறது, மகள் பிறகு பதிந்து கொடுத்தாள். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மார்க் இறங்குவதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தாலேயே பார்க்காமல் இருப்பவர்கள் என் வேனில் தினமும் ஏறுகிறார்கள்.

சிசிரிஸில் ஒரு மாதப் பாக்கிகூட இல்லை. மோட்டார் கடனெல்லாம் முடிந்து 12 மாதத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்குள் போன் பாக்கியின் சுவடே கிடையாது. தனியார் அறிக்கையில்தான் அது இருந்தது. வசூல் நிறுவனத்துக்குக் கைமாறிய பாக்கியாக, என் பெயரும் ஐசி எண்ணும் போட்டு, ஒரு வரி. வங்கி அதிகாரி மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, உள்ளே புரட்டியும் பார்ப்பார் என்று ஏகேபிகே-வில் சொன்னார்கள். போன ஆண்டு வங்கி என்னைத் தள்ளியதற்கு அதுதான் காரணமா என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. ஆனால் அறிக்கையில் வேறு எந்தக் கறையும் இல்லை.

மார்க் எப்படி வருகிறது என்பதையும் மகள் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். சிடோஸ் கணக்கில் கட்டிய ஒழுங்குக்குத்தான் பெரிய பங்கு, 45 விழுக்காடு. எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 20. எந்தெந்த வகைக் கடன் என்பதற்கு 14, புதிதாகக் கேட்ட கடனுக்கு 14, எத்தனை காலமாகக் கடன் வரலாறு இருக்கிறது என்பதற்கு 7. புதிய விண்ணப்பம் என்பது அந்த 14-க்குள் அடங்கிவிடும். கட்டாமல் விட்டது 45-இல் போய் இடிக்கும். எனக்கு இந்த எண்கள் தெரிந்த பிறகுதான் தங்கச்சி எதற்குக் கவலைப்பட்டார், எதற்குக் கவலைப்படவில்லை என்பது புரிந்தது.

மகள் இன்னொரு காணொளியையும் பார்த்துவிட்டுப் பயந்துபோய் வந்தாள். "அப்பா, போனுக்கு செக் பண்ணினா அஞ்சு மார்க் போயிடுமாம், ரெண்டு வருஷம் இருக்குமாம்." பார்த்தால் அது அமெரிக்காக்காரர் பேசியது. அங்கே ஃபைக்கோ என்ற மார்க். கடன் கேட்டு நிறுவனம் அறிக்கையை எடுத்தால் பொதுவாக 5-க்கும் குறைவான மார்க் இறங்குமாம். அந்தப் பதிவு அறிக்கையில் 2 ஆண்டு இருக்கும், மார்க் கணக்கில் 12 மாதம்தான் எடுப்பார்கள். அங்கே வீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும் கொஞ்ச நாளுக்குள் நாலு இடத்தில் விலை கேட்டால் ஒன்றாகவே எண்ணும் சலுகை உண்டு. போனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டனில் மாதத் தவணை போன் எடுத்தால் அந்தக் கணக்கே அறிக்கையில் கடனாக ஏறும், கட்டத் தவறினால் 6 ஆண்டு தெரியும். இங்கே சிசிரிஸும் சிடோஸும் வேறு வழியில் ஓடுகின்றன. அமெரிக்காக் காணொளியைப் பார்த்து சுங்கை சிப்புட்டில் பயப்பட வேண்டியதில்லை, அதை நம்பித் தைரியமாக இருந்துவிடவும் கூடாது என்றேன் மகளிடம்.

பாக்கியைக் கட்டினேன். மச்சானிடம் கேட்கவில்லை. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், அவரும் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார். கட்டும் முன் தங்கச்சிக்கு போன் போட்டேன், அவர் சொன்னது: "ரசீதோட நின்னுடாதீங்கண்ணே. பாக்கி முடிஞ்சதுன்னு கடிதம் வாங்குங்க. அதுல உங்க ஐசி நம்பர் சரியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் அறிக்கையில மாறினதை நீங்களே மறுபடி பாத்தாதான் நம்பணும்." கடிதம் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதை நானே அறிக்கை நிறுவனத்துக்கு அனுப்பினேன். தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை அந்த 2010 சட்டத்திலேயே நமக்கு இருக்கிறது. சில நாளில் அந்த வரிக்கு எதிரே தீர்க்கப்பட்டது என்று வந்தது.

அதற்குள் ஏப்ரல் முடியப் போனது. இங்கேதான் அவருடைய இன்னொரு யோசனை என்னைக் காப்பாற்றியது என்பேன். பாக்கி தீர்ந்ததும் நேரே போன் எடுக்கக் கடைக்குப் போனேன். அவர் விற்கவில்லை. "வேனை முதல்ல முடிங்க. போன் எங்கயும் ஓடிடாது." காரணம் மார்க் மட்டும் இல்லை. மாதம் நூறு வெள்ளிக்கு மேல் போன் தவணை என்று சொன்னால், வங்கிக்காரர் நம் சம்பளத்தில் மிச்சம் பார்க்கும்போது அதையும் கழிப்பார். முதலில் பெரிய கடன், பிறகு சின்னத் தவணை. அந்த வரிசையில் போனேன். மே மாதம் வேன் கடனுக்குப் போட்டேன். 38,000 வெள்ளி வேன், 4,000 கையிலிருந்து, மீதி 34,000-க்கு 7 ஆண்டு. ஒரே வங்கியில்தான் போட்டேன். ஜூனில் கிடைத்தது. வேன் வீட்டு வாசலுக்கு வந்த அன்று மனைவி தேங்காய் உடைத்தாள், நான் முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு போனது அந்தக் கடை வாசலுக்கு.

ஜூலையில் மகளுக்கு இடம் கிடைத்து, போன் எடுத்தோம். இந்த முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பும் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார், ரசீதுத் தாளின் பின்பக்கத்தில். போனின் ரொக்க விலை 1,299. ரொக்கத்துக்கு எடுத்து மாதம் 35 வெள்ளி ப்ரீபெய்ட் போட்டால் 24 மாதத்துக்கு மொத்தம் 2,139. மார்ச்சில் பையன் காட்டிய திட்டத்தில் எடுத்திருந்தால் மாதம் 132, மொத்தம் 3,168. ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம்! இருப்பதிலேயே சின்னத் திட்டம் என்றால் மாதம் 107, மொத்தம் 2,568. வேனுக்கு முன்பணம் கட்டிய பிறகு என்னிடம் 1,299 இல்லை. அந்தச் சின்னத் திட்டத்தை எடுத்தோம். 429 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறேன், தெரிந்தே கொடுக்கிறேன். இப்படி ரொக்க விலையைப் பக்கத்தில் எழுதிக் காட்டுகிற காண்ட்ராக்ட் போன் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லைனை மகள் பெயரிலேயே போடலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. 18 வயது ஆகிவிட்டது, சட்டப்படி முடியும். வேண்டாம் என்றேன். வருமானம் வராத பிள்ளை பெயரில் முதல் வரி கடனாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். எப்படியும் பிடிபிடிஎன் ஒன்று அவள் பெயரில் வரத்தான் போகிறது, அதுவே போதும். தங்கச்சி மறுத்துப் பேசவில்லை. லைனை நிறுத்த வேண்டி வந்தால் கடைக்கு நேரில் வந்து நிறுத்துங்கள், சிம்மைக் கழற்றி எறிந்தால் நின்றுபோகாது என்று மட்டும் மகளிடம் சொன்னார். இரண்டு ஆண்டுக்குள் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்று ஒப்பந்தத் தாளில் விரல் வைத்துக் காட்டினார்.

குறைகளும் உண்டு. வண்டி நிறுத்த இடமில்லை. சந்தை நாளில் வேனை எங்கோ விட்டுவிட்டு வெயிலில் நடக்க வேண்டும். போன் உறையும் கண்ணாடித் தாளும் விலை அதிகம். கண்ணாடித் தாளுக்கு 35 வெள்ளி கேட்டார்கள், பாசார் பக்கம் 15-க்குக் கிடைக்கிறது. மாடல்கள் குறைவு, மகள் கேட்ட நிறம் வர ஒன்பது நாள் காத்திருந்தோம். எனக்குப் பெரிய குறை அந்தப் பையன்தான். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன், ஆனால் ஐசியை வாங்கித் தட்டுவதில் அவசரம். அவன் மட்டும் கடையில் இருந்திருந்தால் மார்ச்சில் என் ஐசி மூன்று நிறுவனத்துக்குப் போயிருக்கும், எனக்குக் காரணமும் தெரிந்திருக்காது. ஒரு கடையின் நல்ல பெயர் ஒரே ஆளின் தலையில் நிற்கிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று தங்கச்சியிடமே சொன்னேன். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணே என்றார்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். மேசை மேல் ஒட்டியிருக்கும் விளம்பரமெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. அவர் வாயால் சொல்வதை, யார் காசு போடுகிறார்கள், எத்தனை மாதம், நிறுத்தினால் எவ்வளவு என்று, தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் தோட்டத்துப் பெரியவர்களுக்கு உதவும். தீபாவளிக்கு முன்பு போனபோது ஒட்டியிருந்தார். கையால் எழுதியது, நீல மை. முதல் வரி: ஐசி கொடுக்கும் முன் கேளுங்கள்.

இதுவரை நான்கு பில் வந்திருக்கிறது. நான்கையும் தேதிக்கு முன்பே கட்டியாகிவிட்டது. முகவரி தாமான் வீட்டு முகவரிதான் என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

கடைக்குப் போகிறவர்கள் காலை பத்தரைக்கு மேல், மதியம் ஒன்றுக்குள் போங்கள், தங்கச்சி மேசையில் இருப்பார். ஒன்றிலிருந்து இரண்டரை வரை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுக்கப் போய்விடுவார், அப்போது பையன் மட்டும்தான். திங்கட்கிழமை கடை இல்லை.